லெந்துக்கு விட்டது

சாட்சியா? நானா? நல்ல ஆளைத் தேடி வந்தீங்க, ஐயரம்மா. இருங்க, அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம், இதுல உக்காருங்க. நான் கீழயே இருந்துக்கிடுதேன். சுவர்ல சாஞ்சாத்தான் என் முதுகு என் பேச்சைக் கேக்கும்.

உங்களைக் குத்தம் சொல்லல. மே மாசந்தான் ஐயருக்கு நம்ம சபைக்குப் போதகரா மாத்தலாகி வந்தீங்க, ஊரும் புதுசு, சபையும் புதுசு. பெண்கள் ஞாயிறுக்கு ‘அன்றாட வாழ்வில் தேவ பிரசன்னம்’னு தலைப்புப் போட்டாச்சு, ஒரு குடும்பப் பொம்பளை எந்திச்சு நின்னு, ஆண்டவர் செஞ்சதைச் சாட்சியாச் சொல்லணும், யாரோ என் பேரைத் தந்திருக்காவ. எப்சிபாயாத்தான் இருக்கும். முக்குல பலசரக்குக் கடை வச்சிருக்காளே, அவதான். நான் மைக்கு முன்னால நின்னு முழிக்கதை அவளுக்குப் பாக்கணும்.

தேவ பிரசன்னம் வேணும்னா எங்க மதினிட்ட போங்க. கிருபாவதி டீச்சர், எங்க வீட்டுக்காரவியளுக்கு மூத்த அக்கா, ரெண்டு தெரு தள்ளி இருக்காவ. அவியட்ட ஆண்டவர் காலைல பேசுவாரு, மத்தியானம் பேசுவாரு, சமயத்துல ரெண்டு பேருக்கும் வாக்குவாதமே நடக்கும். நான் முழங்கால் போட்டா எனக்குத் தூக்கந்தான் வரும். “ஆண்டவரே, வந்துட்டேன்”னு சொல்லுவேன். அம்புட்டுதான், கட்டில்ல தலைய வச்சபடியே தூங்கிருவேன். எங்க வீட்டுக்காரவிய தட்டி எழுப்பி, “ஆமென் சொல்லிட்டுப் படு”ம்பாவ. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் ஜெபம் இந்த லட்சணந்தான். ஞானப்பூ, இதைச் செய்யி, இதைச் செய்யாதன்னு ஆண்டவர் என்ட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொல்லியிருந்தா மாட்டேன்னா சொல்லுவேன்?

மதினி பள்ளிக்கூடத்துல வேலை பாத்து ஓய்வானவிய. கட்டிக்கிட்டவரு சின்ன வயசுலயே போய்ட்டாரு, பிள்ளை கிடையாது. முந்தின வருசம் குளிமுறியில வழுக்கி விழுந்து, இடுப்புல பிளேட் வச்சு, இப்ப வாக்கரைப் பிடிச்சுக்கிட்டுக் கட்டிலுக்கும் அடுப்படிக்கும் நடப்பாவ. எங்க வீட்ல வந்து இருங்கன்னு எத்தனையோ தடவை கூப்பிட்டாச்சு. வரமாட்டாவ. யார்ட்டயும் ஒண்ணும் கேக்கவும் மாட்டாவ. என் மாமனார் உபதேசியாரா இருந்தவரு. மனுஷர்ட்ட கை நீட்டாத, ஆண்டவர்ட்ட மட்டும் கேளுன்னு சொல்லி வளத்திருக்காரு. நல்ல வளப்புதான். ஆனா மதினி ஆண்டவர்ட்ட கேட்டா, ஆண்டவர் எந்திச்சு எப்சி கடைக்கா போவாரு?

மத்தியானச் சோறு எங்க வீட்லேர்ந்துதான் போகும். அது கடமை, அதைச் சொல்லிக் காட்டல. அதுக்கு மேல உள்ளதுதான் பாடு. தைலம் தீந்தா சொல்ல மாட்டாவ. கண்ணாடிக் காம்பு உடைஞ்சா சொல்ல மாட்டாவ. நானாத்தான் கண்டுபிடிக்கணும். எப்படிக் கண்டுபிடிப்பேன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது. வெள்ளன எந்திச்சு அடுப்பைப் பத்த வச்சு, காப்பிக்குத் தண்ணி கொதிக்குற வரைக்கும் சும்மா நிப்பேம்லா, அப்பத் தோணும். இன்னைக்குக் கருப்பட்டி கொண்டு போன்னு. எதுக்குக் கருப்பட்டின்னா பதில் இருக்காது. கருப்பட்டின்னா கருப்பட்டிதான். வேற சோலியப் பாப்போம்னு தள்ளி விட்டா, ஈ மாதிரி திரும்பத் திரும்ப வந்து உக்காரும். வேண்டா வெறுப்பா செருப்பை மாட்டிக்கிட்டுப் போவேன். போய்ப் பாத்தா மதினி காச்சல்ல கெடப்பாவ. சுக்கைத் தட்டி வச்சிருப்பாவ, வீட்ல கருப்பட்டி இருக்காது.

ஒருநாள் ஊக்கு. ஒரு அட்டை ஊக்கு கொண்டு போன்னு தோணுது. ஊக்கைக் கொண்டு போயி என்னன்னு சொல்லிக் குடுப்பேன்? எனக்கே கிறுக்குப் பிடிச்சிட்டோன்னு இருந்துச்சு. போனா, மதினி ஜாக்கெட்டுல ஹூக்கு ரெண்டு அந்து போயி, மேல துண்டைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்காவ. சபைப் பெண்கள் சங்கத்துலேர்ந்து எல்லாரும் ஜெபத்துக்கு வார நேரம் அது. எங்க அம்மைக்கும் இப்படித்தான், ஆளைப் பாக்காமலே வீட்ல என்ன இல்லன்னு சொல்லிருவா. எங்க வம்சத்துக்கே கொஞ்சம் மூளை உண்டு, அம்புட்டுதான்.

மதினியால கோயிலுக்கு நடக்க முடியாதுன்னு செவ்வாக்கிழமை சங்கக் கூட்டத்தை அவிய வீட்லயே வச்சாச்சு. பாட்டுப் படிச்சு, ஜெபம் பண்ணி, கடைசியில சாட்சி. மதினி கண்ணை மூடிக்கிட்டு ஆரம்பிப்பாவ. வாய் கசந்து கெடந்தேன், ஆண்டவரே ஒரு துண்டு கருப்பட்டின்னு உம்மட்ட மட்டுந்தான் கேட்டேன், அடுத்த நிமிசம் கருப்பட்டி வாசல்ல வந்து நின்னுச்சுன்னு சொல்லுவாவ. எல்லாரும் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்பாவ. நான் சுவரோரத்துல டீ தட்டை வச்சுக்கிட்டு இருப்பேன். கருப்பட்டி வந்து நின்னுச்சாம். கருப்பட்டிக்குக் கால் இருக்கா? வெயில்ல நடந்து போனது என் காலு, ஐயரம்மா. இந்த வெடிச்ச காலு.

ஒருவாரம் இல்லன்னா ஒருவாரமாவது, “ஞானப்பூ கொண்டு வந்தா”ன்னு சொல்லப்பிடாதா? ஆண்டவர் அனுப்பினாரு, ஆண்டவர் குடுத்தாரு, ஆண்டவர் நடத்தினாரு. கூட்டம் முடிஞ்சா பொம்பளைக மதினி கையைப் பிடிச்சு, என் மவளுக்கு வரன் அமையணும்னு ஜெபியுங்கம்மான்னு கண்ணீர் விடுவாளுக. என்ட்ட வந்து, டீ இன்னும் இருக்கான்னு கேப்பாளுக. நான் வீட்ல வந்து சொல்லி அழுதா, எங்க வீட்டுக்காரவிய, “அக்கா ஆண்டவரைத்தான மகிமைப்படுத்துதா, உன்னைத் திட்டவா செய்யுதா?”ம்பாவ. திட்டினாலும் என் பேரைச் சொல்லித்தான திட்டணும். அது கூட இல்லியே.

பேர் வேண்டாம்னு சொல்லுத அளவுக்கு நான் பரிசுத்தவதி இல்ல. எனக்கு வேணும்னு இருந்துச்சு. அதோட களைப்பு. எனக்கும் வயசு அறுபதைத் தாண்டியாச்சு. எங்க வீட்டுக்காரவியளுக்குச் சர்க்கரை, எனக்கு முட்டுவலி. இங்க ஒரு அடுப்பு, அங்க ஒரு அடுப்பு. சலிச்சுப் போச்சு, ஐயரம்மா. ஒளிக்காமச் சொல்லுதேன், சலிச்சுத்தான் போச்சு.

அந்த நேரத்துலதான் லெந்து வந்துச்சு, ஈஸ்டர் வரைக்கும் நாப்பது நாளு. நம்ம ஆளுக லெந்துக்கு ஒவ்வொண்ணை விடுவாவள்லா. எப்சி தலையில பூ வைக்க மாட்டா. எங்க வீட்டுக்காரவிய மீனை விட்டுட்டேன்னு சொல்லிட்டு, ரெண்டு முட்டையா பொரிக்கச் சொல்லுவாவ. சாம்பல் புதன் ஆராதனையில உக்காந்து, நான் என்னத்தை விடன்னு யோசிச்சேன். பூ வச்சு எத்தனையோ காலம் ஆச்சு, மீனு இவியளோட போய்ட்டு. சட்டுன்னு தோணிட்டு. இந்த லெந்துக்கு மதினியை விட்டுருவோம்.

சிரிக்காதீங்க. நான் சோத்தை நிறுத்தல, அந்தப் பாவத்தைக் கட்டிக்கிடுவேனா? தூக்குச்சட்டியில போட்டு இவிய கையில குடுத்து, உங்க அக்காதான, நீங்க கொண்டு குடுங்கன்னேன். நான் அந்தத் தெருப்பக்கம் போறதில்ல. செவ்வாக்கிழமை கூட்டமும் இல்ல. முட்டுவலின்னு சொல்லியாச்சு. ஆண்டவர்தான எல்லாம் அனுப்புதாரு, இந்த ஞானப்பூ இல்லாம யாரை அனுப்புதாருன்னு பாப்போம்னு ஒரு வீம்பு.

பூவை விட்டா அது பாட்டுக்குக் கடையில கெடக்கும். இது அப்படியா கெடக்கு? வெள்ளன அடுப்படியில நின்னா, முன்னயவிடக் கூடுதலாத் தோணுது. மோரு கொண்டு போ. வெக்கைக்கு அந்த ஜன்னல் திரையை நனைச்சுக் குடு. இன்னைக்குச் சும்மா போயிட்டாவது வா. நான் போகமாட்டேன், நான் போகமாட்டேன்னு வாய்விட்டே சொல்லியிருக்கேன். இவிய உள்ள இருந்து, யார்ட்டட்டி பேசுதன்னு கேட்டாவ. ஒருத்தர்ட்டயும் இல்ல, உங்க சோலியப் பாருங்கன்னேன். நடந்து போய்க் குடுத்தா கூட இவ்வளவு களைப்பு வராது. போகாம இருக்கது அம்புட்டுப் பாடா இருந்துச்சு.

அங்க என்ன நடக்குன்னு எப்சிதான் வந்து சொல்லுவா. சரி, சாட்சி நின்னிருக்கும்னு நான் நினைச்சா, அதுதான் இல்ல. மதினி சொன்னாவளாம், பால் திரிஞ்சு போச்சு, கட்டங்காப்பி குடிச்சேன், இத்தனை வருசமா இந்த ருசியை மறைச்சு வச்சிருந்தீரே ஆண்டவரேன்னு. அடுத்த வாரம், தைலம் இல்லாம வலியில முழிச்சுக் கெடந்தேன், விடியக்காலம் குயில் கூவுததைக் கேட்டேன், அதுக்காகத்தான் எழுப்பி விட்டீரோன்னு. பொம்பளைக அழுதாளுகளாம். எனக்கு எரிஞ்ச எரிச்சல் இருக்கே. கொண்டு போனாலும் ஸ்தோத்திரம், கொண்டு போகலன்னாலும் ஸ்தோத்திரம். அப்ப நான் எதுக்கு இத்தனை காலம் நடந்தேன்?

பெரிய வெள்ளி அன்னைக்கு மும்மணி ஆராதனை, மூணு மணி நேரம். உபவாசம் வேற. ஆண்டவர் சிலுவையில சொன்ன ஏழு வார்த்தையையும் பழைய ஐயர் ஒவ்வொண்ணா பிரசங்கம் பண்ணிக்கிட்டு வாராவ, தாகத்தைப் பத்தின பிரசங்கம் வந்ததும் நான் தூங்கிட்டேன். முழிக்கும்போது, மதினி வீட்டுக் குடத்துல தண்ணி இல்லன்னு இருக்கு. நிச்சயமா இல்லன்னு இருக்கு. லெந்து முடிய இன்னும் ஒருநாள் கெடக்கேன்னு நினைக்கேன், ஆனா கோயில் வாசல்ல இறங்கினதும் காலு வீட்டுப்பக்கம் திரும்ப மாட்டேங்குது. வெறும் வயித்துல என்னத்தை மல்லுக்கட்ட? போய்ட்டேன்.

போனா குடம் நிறையத் தண்ணி. இவிய காலைலயே பிடிச்சு வச்சிருக்காவ. எனக்கு அசிங்கமாப் போச்சு. முத முத என் கணக்குத் தப்பிட்டு. மதினி கட்டில்ல உக்காந்து என்னையே பாத்தாவ. மெலிஞ்சிருந்தாவ.

“குடத்துல தண்ணி இல்லன்னு நினைச்சேன், மதினி”ன்னேன்.

“தண்ணி இருக்கு, ஞானப்பூ.”

“அப்ப வேற என்ன வேணும்?”

“ஒண்ணும் வேண்டாம். நீ கொஞ்ச நேரம் இரு.”

இருந்தேன். இருந்ததுதான் தப்பு. அவிய அப்படி அமைதியா உக்காந்திருந்ததைப் பாக்கப் பாக்க எனக்கு உள்ள இருந்ததெல்லாம் பொங்கிட்டு வந்துட்டு. கருப்பட்டி, ஊக்கு, தைலம், எல்லாத்தையும் கொட்டினேன். ஒருநாளாவது என் பேரைச் சொன்னீங்களா மதினி, நான் என்ன உங்களுக்குக் காக்காயா, கொண்டு வந்து போட்டுட்டுப் பறந்துபோகன்னு கேட்டேன். பெரிய வெள்ளியும் அதுவுமா மூத்தவியட்ட அப்படிப் பேசினேன்.

மதினி கோவப்படல. கையில இருந்த கைக்குட்டையை மடிச்சு மடிச்சு விரிச்சாவ. பெறவு சொன்னாவ. “நீ கொண்டு வாரன்னு எனக்குத் தெரியாதா? உனக்குச் சலிச்சுப் போச்சுன்னும் தெரியும். உன் செருப்புச் சத்தத்துலயே தெரியும், ஞானப்பூ. வாசல் வரைக்கும் இழுத்துக்கிட்டு வருவ, வாசல்ல வந்ததும் காலைத் தூக்கி வைப்ப. மனுஷி குடுக்கதுன்னு நினைச்சா எனக்கு ஒரு வாய் இறங்காது. ஒருநாள் நிறுத்திருவான்னு பயமா இருக்கும். அவரு குடுக்காருன்னு நினைச்சாத்தான் என்னால வாங்க முடிஞ்சுது.”

நிறுத்தினவதான நான். மதினி தலையைச் சீவிப் பின்னி விட்டுட்டு வந்தேன். அப்பவும் மதினி வாயத் திறந்து ஒரு நன்றி சொல்லலியேன்னுதான் வழியெல்லாம் நினைச்சேன், ஐயரம்மா. ஒளிக்க என்ன இருக்கு.

ஈஸ்டர் கழிஞ்ச செவ்வாக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். சாட்சி நேரம் வந்துச்சு. மதினி இந்தத் தடவை கண்ணை மூடல. “எனக்கு ஒவ்வொண்ணும் கொண்டு வந்தது என் தம்பி பெஞ்சாதி ஞானப்பூ”ன்னாவ. கருப்பட்டியிலேர்ந்து எல்லாத்தையும் சொன்னாவ. ஊக்கை மட்டும் சொல்லல, அது பொம்பளைக மத்தியில கூடக் கூச்சம். எல்லாரும் திரும்பி என்னைப் பாக்காளுக. யாரும் ஸ்தோத்திரம் சொல்லல. என்னைப் பாத்து எப்படி ஸ்தோத்திரம் சொல்லுவாளுக? எப்சிதான் கை தட்டினா, அவளுக்கு எங்க என்ன செய்யணும்னு தெரியாது. நான் இத்தனை காலம் கேட்டது கிடைச்சிட்டு. எனக்கு டீ தட்டோட எங்கயாவது ஒளிஞ்சுக்கிடணும்னு இருந்துச்சு.

அதுலேர்ந்து மதினி மாறிட்டாவ. அவிய மாமனார்... இல்ல, அவிய அப்பா வளத்த வளப்பை இந்த வயசுல உடைச்சுட்டாவ, என்னாலதான். இப்ப எல்லாம் போன்ல கேக்காவ. “ஞானப்பூ, உனக்குச் சிரமம் இல்லன்னா அரை லிட்டர் பால்.” “ஞானப்பூ, கோவிச்சுக்கிடாத, தைலம் தீந்துட்டு.” கொண்டு போனா ரெண்டு கையையும் பிடிச்சு நன்றி சொல்லுதாவ. நன்றி சொல்லும்போது அவிய முகத்தைப் பாக்க முடியல. கடன்காரனைப் பாத்த மாதிரிச் சுருங்கிப் போறாவ. சாட்சியும் சொல்லுததில்ல. கேட்டா, எல்லாந்தான் ஞானப்பூ பாத்துக்கிடுதாளேங்காவ. பொம்பளைக கூட்டமும் பாதியாக் கொறைஞ்சிட்டு. நீங்க வந்து பாத்திருப்பீங்க, பாட்டுப் படிச்சுட்டுக் கலைஞ்சு போறோம்.

அது போகட்டும். எனக்கு நடந்ததுதான் எனக்குப் புரியல. வெள்ளன எந்திக்கேன். அடுப்பைப் பத்த வைக்கேன். தண்ணி கொதிக்கும். ஒண்ணும் தோண மாட்டேங்குது. முந்தி எப்படித் தள்ளி விட்டேன், இப்ப வா வான்னு நின்னாலும் இல்ல. மதினிதான் வாயத் திறந்து கேக்காவள்லா, இனி எதுக்கு மூளையப் போட்டுக் குழப்பன்னு முதல்ல நிம்மதியா இருந்துச்சு. ஒரு வாரம். பெறவு அந்த அடுப்படிக்குள்ள போகவே ஒரு மாதிரி இருக்கு. பொட்டப்பிள்ளையக் கட்டிக் குடுத்த மறுநாள் வீடு கெடக்குமே, அப்படிக் கெடக்கு. முழங்கால் போட்டா, வந்துட்டேன்னு சொல்லுதேன், தூக்கம் வர மாட்டேங்குது. முழிச்சுக்கிட்டே இருக்கேன். இவிய கூட, என்னட்டி இன்னைக்கு ரொம்ப நேரமா ஜெபிக்கங்காவ. ஜெபிக்கலை, சும்மாத்தான் கெடக்கேன்.

களைப்பா இருக்கு, ஐயரம்மா. முந்தியும் களைப்புதான். அது நடந்த களைப்பு. இது வேற.

நீங்க வாரதுக்குச் சித்த முந்திதான் மதினி வீட்லேர்ந்து வந்தேன். பாலைக் குடுத்தேன், அவிய என் கையைப் பிடிக்க வந்தாவ, நான் கையை எடுத்துக்கிட்டேன். “மதினி, இனிமே என்ட்ட ஒண்ணும் கேக்காதீங்க”ன்னேன். அவியளுக்கு முகம் செத்துப் போச்சு. “சிரமம்னு எனக்குத் தெரியும்”னு ஆரம்பிச்சாவ. “சிரமத்துக்காகச் சொல்லல. முந்தி மாதிரி அவர்ட்டயே கேளுங்க.”

மதினி அந்தப் பால் கவரைத் தடவிக்கிட்டே இருந்தாவ. பெறவு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை டீச்சரைக் கேக்குத மாதிரிக் கேட்டாவ.

“கேட்டா நீ வருவியா?”

“எனக்குத் தெரியாது, மதினி. கேட்டுப் பாருங்க.”

வேற என்ன சொல்ல? வருவேன்னு சொல்லியிருந்தா அது என் வாக்காப் போயிருக்கும். இப்ப அவிய அங்க கேட்டுக்கிட்டு இருப்பாவ. என்ன கேக்காவளோ, எனக்குத் தெரியாது. நான் நாளைக்கு வெள்ளன எந்திச்சு அந்த அடுப்படியில போயி நிக்கணும். ஒண்ணும் தோணலைன்னா, அவியளுக்குப் பாலுக்கு வழி இல்லாமப் போகும், அதைக் கூட இவியளை விட்டுச் சமாளிச்சிருவேன். எனக்குத்தான் பயமா இருக்கு. மேடைக்கு வேற யாரையாவது பாருங்க, ஐயரம்மா. இப்பச் சித்த நேரம் என் பக்கத்துல உக்காந்து, நாளைக்குக் காலைல எனக்கு ஏதாவது தோணணும்னு ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க.